மருந்தியல் சொல் அட்டைகள்: மூன்று மாதம் புரட்டிய பிறகு

பார்மசி டெக்னீஷியன் படிப்பில் சேர்ந்த முதல் வாரத்தில் என்னைத் திணறடித்தவை சொற்கள்தான். ஆசிரியர் ஃபார்மகோகைனடிக்ஸ் என்கிறார், எழுதிக்கொள்கிறேன், அடுத்த நிமிடம் ஃபார்மகோடைனமிக்ஸ் என்கிறார், அதையும் எழுதிக்கொள்கிறேன், இரவு நோட்டைத் திறந்தால் எது எதுவென்று தெரியவில்லை. கூடப் படிக்கும் ஒருவர் சொல்லித்தான் இந்த அட்டைக் கட்டை வாங்கினேன். அடிப்படை மருந்தியல் சொற்கள், மொத்தம் 300 அட்டைகள், ஒரு பக்கம் ஆங்கிலச் சொல், மறுபக்கம் தமிழில் விளக்கம், உச்சரிப்பைக் கேட்க ஒரு செயலியும் உண்டு. மூன்று மாதமாகத் தினமும் புரட்டுகிறேன். வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: வாங்கலாம். ஆனால் தயாரித்தவர்கள் அடுக்கித் தந்த வரிசையில் படிக்காதீர்கள், அப்புறம் ஒரு குறிப்பிட்ட அட்டையை வாங்கிய அன்றே பேனாவால் திருத்திவிடுங்கள். எது என்று பின்னால் சொல்கிறேன்.

இந்தக் கட்டில் எனக்கு மிகவும் பிடித்தது சொல்லைப் பிரித்துக் காட்டும் விதம். கைனடிக் என்பதற்கு அடியில் இருக்கும் கிரேக்கச் சொல்லுக்கு நகர்வு என்று பொருள், டைனமிக் என்பதற்கு அடியில் இருப்பதற்கு ஆற்றல் என்று பொருள். மருந்து உடம்புக்குள் எப்படி நகர்ந்து போகிறது, உடம்பு அதை என்ன செய்கிறது என்பது முதலாவது. மருந்து தன் ஆற்றலால் உடம்பை என்ன செய்கிறது என்பது இரண்டாவது. இதைப் படித்த அன்றிலிருந்து எனக்கு அந்த இரண்டும் குழம்பவே இல்லை. அட்ரினலின் அட்டையும் இப்படித்தான். ஒரே பொருளுக்கு ஏன் அட்ரினலின், எபிநெஃப்ரின் என்று இரண்டு பெயர் என்று நான் யாரிடமும் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டிருந்தேன். ஒன்று லத்தீன், இன்னொன்று கிரேக்கம், இரண்டுமே சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் சுரப்பியைத்தான் சொல்கின்றன. பாராசிட்டமால், அசிட்டமினோஃபென் என்ற இரண்டும் கூட ஒரே நீளமான வேதிப்பெயரை ஆளுக்கொரு இடத்தில் வெட்டி எடுத்தவை. பாரா-அசிடைல்-அமினோ-ஃபீனால் என்று ஒரு தாளில் எழுதி, எந்தெந்த எழுத்து எந்தப் பெயருக்குப் போனது என்று அடிக்கோடு போட்டுப் பாருங்கள், வாழ்நாளுக்கும் மறக்காது. வேறொரு நாட்டிலிருந்து வந்த ஒருவர் தன் பழைய மருந்தின் பெயரைச் சொல்லிக் கேட்கும்போது இது உடனே கைகொடுக்கும். மூச்சிரைப்புக்குக் கொடுக்கும் சால்பியூட்டமால், அல்பியூட்டரால் இரண்டும் ஒன்று என்று தெரியாவிட்டால், அதே மருந்தை அவர் இரண்டு பெயரில் இரண்டு தடவை எடுத்துக்கொண்டிருப்பது நம் கண்ணில் படாமலே போய்விடும்.

பெயர் விகுதி அட்டைகளும் நன்றாக இருக்கின்றன. பொதுப்பெயர் என்கிறோமே, அதாவது பிராண்டு பெயர் இல்லாமல் மருந்துக்கே உள்ள பெயர், அதைக் கம்பெனிகள் இஷ்டத்துக்கு வைப்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் 1950களின் தொடக்கத்திலிருந்து இதற்கென்று ஒரு முறையை நடத்திவருகிறது, ஒரே குடும்பத்து மருந்துகளுக்கு ஒரே வால் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறது. லால் என்று முடிந்தால், அதாவது அட்டினலால், ப்ரோப்ரனலால் மாதிரி, பீட்டா தடுப்பான், இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் குறைப்பது. ப்ரில் என்று முடிந்தால் ஏசிஇ தடுப்பான், சார்டன் என்று முடிந்தால் ஆஞ்சியோடென்சின் ஏற்பியை அடைப்பது, இரண்டுமே ரத்த அழுத்தத்துக்கான மருந்துகள், ஃப்ளாக்சசின் என்றால் ஒரு வகை ஆன்டிபயாட்டிக். இந்த இருபது முப்பது வால்களைப் பிடித்துக்கொண்டால் இதுவரை பார்த்தே இராத மருந்துப் பெயரைக் கூட ஓரளவு இனம் காணலாம்.

அந்த 'ஓரளவு' என்ற சொல்லை இந்த அட்டைகளில் காணவில்லை, எனக்குப் பெரிய குறை அது. ஸ்டாட்டின் என்று முடிந்தால் கொலஸ்ட்ராலுக்கானது என்று ஒரு அட்டை அடித்துச் சொல்கிறது. நிஸ்டாட்டின் அப்படி இல்லை, அது பூஞ்சைத் தொற்றுக்கான மருந்து. எலிசபெத் லீ ஹேசன், ரேச்சல் ஃபுல்லர் பிரௌன் என்ற இரண்டு பெண் விஞ்ஞானிகள் 1950இல் வெளி உலகுக்கு அறிவித்தது, அவர்கள் வேலை பார்த்த நியூயார்க் மாநிலத்தின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள், அதில் வரும் ஸ்டாட் அந்த மாநிலம் என்ற சொல்லிலிருந்து வந்தது. ப்ரசோல் கதையும் இதேதான். ஒமிப்ரசோல், பாண்டோப்ரசோல் வயிற்று அமிலத்தைக் குறைப்பவை, ஆனால் அரிப்பிப்ரசோல் மனநோய்க்கான மருந்து. உண்மையான விகுதி அங்கே பிப்ரசோல், நடுவில் உள்ள ஒரு 'பி' எழுத்தைக் கவனிக்காமல் போனால் இரைப்பைக்கான மருந்து என்று எழுதிவிடுவோம், எங்கள் வகுப்பில் மாதிரித் தேர்வில் பலர் அப்படித்தான் எழுதினோம். விகுதி அட்டைக்குப் பின்னால் விதிவிலக்கை ஒரு வரி போட்டிருந்தால் போதும், அட்டையில் இடம் தாராளமாக இருக்கிறது.

சரி, வரிசைக்கு வருகிறேன். 300 அட்டைகளையும் ஆங்கில அகரவரிசையில் அடுக்கியிருக்கிறார்கள். அகராதிக்கு அது சரி. படிப்பவருக்குச் சரியில்லை. மருந்து உடம்பில் செல்லும் நான்கு கட்டங்கள், உறிஞ்சப்படுவது, பரவுவது, மாற்றமடைவது, வெளியேறுவது, இவை நான்கும் கட்டின் நான்கு மூலைகளில் கிடக்கின்றன. ஒன்றைப் படித்து முடித்து அடுத்ததைத் தேடிப் பிடிப்பதற்குள் முதலாவது மறந்துவிடுகிறது. மருந்தியலில் ஒரு சொல் தனியாக நிற்பது அபூர்வம், பக்கத்தில் இன்னொன்றை வைத்தால்தான் அதன் எல்லை தெரியும். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து கட்டைக் கலைத்து, குழம்பும் சொற்களை ஜோடி ஜோடியாக ரப்பர் பேண்டு போட்டு வைத்தேன். அதற்குப் பிறகுதான் இந்த அட்டைகள் எனக்கு உண்மையில் பயன்பட ஆரம்பித்தன.

பொடென்சி, எஃபிகசி என்ற ஜோடியை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டில் ஒன்றுக்கு வீரியம் என்றும் இன்னொன்றுக்கு செயல்திறன் என்றும் தமிழ் போட்டு ஒரு வரியில் முடித்துவிட்டார்கள், இரண்டையும் படித்தால் ஒன்று போலவே தெரிகிறது. எனக்கு இது விளங்கியது சிறுநீர் பெருக்கி மாத்திரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது. வாயால் எடுக்கும் 40 மில்லிகிராம் ஃபியூரோசமைடு செய்யும் வேலையை ஏறக்குறைய 1 மில்லிகிராம் பியூமெட்டனைடு செய்துவிடும். அப்படியானால் பியூமெட்டனைடுக்கு வீரியம் கூடுதல், குறைந்த அளவே போதும். அதற்காக அது உடம்பிலிருந்து அதிக நீரை வெளியேற்றிவிடும் என்று அர்த்தமில்லை, எட்டக்கூடிய உச்சம் இரண்டுக்கும் ஒன்றுதான், அந்த உச்சத்தைத்தான் செயல்திறன் என்கிறோம். நாளைக்கு கவுன்ட்டரில் ஒருவர் 'முன்னாடி 40 கொடுத்தாங்க, இப்ப வெறும் 1 கொடுக்கிறாங்களே, குறைச்சிட்டாங்களா' என்று கவலைப்பட்டால், அவர் குழம்புவது இந்த இடத்தில்தான் என்று நமக்குப் புரிய வேண்டும். அவருக்கு விளக்கம் சொல்வது பார்மசிஸ்டின் வேலை, அவரைப் பார்மசிஸ்டிடம் கொண்டுபோக வேண்டும் என்று தெரிந்துகொள்வது நம் வேலை.

அரை ஆயுள் அட்டை இந்தக் கட்டிலேயே சிறந்தது. ரத்தத்தில் மருந்தின் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம் என்று வரையறையைச் சொல்லிவிட்டு நிறுத்தாமல், 100, 50, 25, 12.5, 6.25, 3.125 என்று படிக்கட்டு மாதிரி வரைந்து காட்டியிருக்கிறார்கள். ஐந்தாவது படியில் மிச்சம் 3 சதவீதம் சொச்சம், அதனால்தான் ஐந்து அரை ஆயுள் கழிந்தால் மருந்து ஏறக்குறைய வெளியேறிவிட்டது என்று சொல்கிறார்கள். இதையே தலைகீழாகப் பார்த்தால், தினமும் எடுக்கும் மருந்து ரத்தத்தில் ஒரு நிலையான அளவுக்கு வந்து சேரவும் நான்கைந்து அரை ஆயுள் ஆகும். இந்த இரண்டாவது விஷயம் அட்டையில் இல்லை, நானே பென்சிலில் எழுதிச் சேர்த்துக்கொண்டேன். தைராய்டு குறைவுக்குக் கொடுக்கும் லீவோதைராக்சினின் அரை ஆயுள் சுமார் 7 நாள். ஐந்து தடவை ஏழு, 35 நாள். டோஸ் மாற்றிய பிறகு ஆறு வாரமாவது விட்டு ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வது ஏன் என்று அந்தக் கணக்கைப் போட்ட அன்று எனக்குச் சட்டென்று விளங்கியது. படிப்பில் அப்படி ஒரு நிமிடம் கிடைத்தால் ஒரு வாரத்துக்குத் தெம்பாக இருக்கிறது.

பயோஅவெய்லபிலிட்டியும் ஃபர்ஸ்ட் பாஸ் எஃபெக்டும் ஒன்றாகப் படிக்க வேண்டியவை. முதலாவதுக்கு உயிர்க்கிடைப்பு என்று போட்டிருக்கிறார்கள், கொடுத்த மருந்தில் எவ்வளவு பங்கு ரத்த ஓட்டத்துக்கு வந்து சேர்கிறது என்பது பொருள். நரம்பில் நேராக ஏற்றினால் முழுக்க 100 சதவீதம். வாயால் விழுங்கினால் குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குப் போகும், அங்கே ஒரு பகுதி சிதைந்துவிடும், அதுதான் ஃபர்ஸ்ட் பாஸ். ப்ரோப்ரனலாலை ஊசியில் 1 மில்லிகிராம் என்றும் மாத்திரையில் 40 மில்லிகிராம் என்றும் பார்த்தால் ஏதோ தப்பு என்று பதறாமல் இருக்க இது தெரிந்திருக்க வேண்டும். நெஞ்சுவலிக்கு நைட்ரோகிளிசரின் மாத்திரையை விழுங்காமல் நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்வதும் கல்லீரலைச் சுற்றிக்கொண்டு போகத்தான். அட்டையில் இந்த உதாரணங்கள் எதுவும் இல்லை, வறட்சியாக ஒரு வரிதான்.

அகோனிஸ்ட் என்றால் உடம்பில் உள்ள ஏற்பியைத் தூண்டும் மருந்து, ஆன்டகோனிஸ்ட் என்றால் அதை அடைத்துவிடும் மருந்து, இந்த அட்டைகளில் ஏற்பியைப் பூட்டாகவும் மருந்தைச் சாவியாகவும் படம் போட்டிருக்கிறார்கள். எல்லாரும் போடும் படம்தான், ஆனாலும் புரிகிறது. வலிநிவாரணியான மார்ஃபின் பூட்டில் நுழைந்து திறக்கும் சாவி, அதை முறிக்கும் நலாக்சோன் அதே பூட்டில் போய் உட்கார்ந்துகொண்டு திறக்காமலும் மற்றதை விடாமலும் இருக்கும் சாவி.

இப்போது பேனாவால் திருத்தச் சொன்ன அட்டை. தெரப்யூட்டிக் இண்டெக்ஸ் என்ற சொல், அதாவது பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் நடுவில் உள்ள இடைவெளி. வார்ஃபரின், லித்தியம், ஃபெனிடாயின், டிஜாக்சின் இவற்றுக்கு அந்த இடைவெளி குறுகலானது, கொஞ்சம் கூடினாலும் ஆபத்து என்று அட்டை சரியாகவே சொல்கிறது. சொல்லிவிட்டு அதே அட்டையில் டிஜாக்சினின் அளவை '.25 மி.கி.' என்று அச்சடித்திருக்கிறார்கள், முன்னால் பூச்சியம் இல்லாமல். அந்தப் புள்ளி மங்கலாக விழுந்தால், ஃபேக்ஸில் மறைந்தால், ஒரு அவசரக் கண் தாண்டிப் போனால் அது 25, நூறு மடங்கு. புள்ளிக்கு முன்னால் எப்போதும் பூச்சியம் போடு, முழு எண்ணுக்குப் பின்னால் ஒருபோதும் புள்ளியும் பூச்சியமும் போடாதே, 1.0 என்பதைப் 10 என்று படித்துவிடுவார்கள் என்று முதல் மாதத்திலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள். அதைச் சொல்லிக்கொடுக்கும் அட்டையும் இந்தக் கட்டிலேயே இருக்கிறது! தயாரித்தவர்களுக்கு மின்னஞ்சல் போட்டேன், இரண்டு நாளில் பதில் வந்தது, தவறுதான், அடுத்த அச்சில் திருத்துகிறோம் என்று ஒப்புக்கொண்டார்கள். பதில் சொன்ன விதம் நன்றாக இருந்தது. ஆனால் ஏற்கனவே விற்ற கட்டுகளுக்குத் திருத்தச் சீட்டு அனுப்புவீர்களா என்று கேட்டதற்குப் பதில் இல்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன், உங்களிடம் இருந்தால் இன்றைக்கே 0.25 என்று திருத்துங்கள்.

பழையதாகிவிட்ட ஒன்றும் இருக்கிறது. கர்ப்பிணிகளுக்கு மருந்து பாதுகாப்பானதா என்பதற்கு ஏ, பி, சி, டி, எக்ஸ் என்ற எழுத்து வகைகளை ஐந்து அட்டைகளில் கொடுத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 1979இல் கொண்டுவந்தது அது. எழுத்தைப் பார்த்து மதிப்பெண் போல எடுத்துக்கொள்கிறார்கள், உண்மையான ஆபத்தை அது சொல்வதில்லை என்பதால் 2015 ஜூன் முதல் அதைக் கைவிட்டு, விவரமாக எழுதும் முறைக்கு மாறச் சொல்லிவிட்டார்கள். பழைய புத்தகங்களில் எழுத்துகள் இன்னும் கண்ணில் படும் என்பதால் தெரிந்துகொள்வதில் தவறில்லை, ஆனால் இது பழைய முறை என்று ஒரு சொல் போட்டிருக்க வேண்டும்.

சுருக்கெழுத்து அட்டைகள் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வேலையில் தினமும் கண்ணில் படுவது இவைதான். பிஐடி ஒரு நாளைக்கு இரண்டு வேளை, டிஐடி மூன்று வேளை, க்யூஐடி நான்கு வேளை, பிஆர்என் தேவைப்படும்போது மட்டும், ஏசி சாப்பாட்டுக்கு முன், பிசி சாப்பாட்டுக்குப் பின். ஒவ்வொன்றுக்கும் முழு லத்தீன் தொடரையும் கொடுத்திருப்பது பிடித்திருக்கிறது, பிஸ் என்றால் இரண்டு தடவை, டெர் என்றால் மூன்று தடவை என்று தெரிந்த பிறகு மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஆனால் ஓடி என்பதற்கு 'ஒரு நாளைக்கு ஒரு வேளை' என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். சில இடங்களில் அப்படி எழுதுவார்கள், வேறு சில இடங்களில் அதே இரண்டு எழுத்து வலது கண் என்று பொருள்படும். கண்ணில் விட வேண்டிய சொட்டு மருந்துச் சீட்டில் அது இருந்தால் இரண்டு பொருளும் பொருந்தும், அங்கேதான் விபத்து. எச்எஸ் என்பதும் படுக்கும் நேரம் என்றும் ஆகும், பாதி வீரியம் என்றும் ஆகும். யூனிட் என்பதற்கு யு என்ற ஒற்றை எழுத்தைப் போடுவது இன்னும் மோசம், இன்சுலின் 10 யூனிட்டைச் சுருக்கி எழுதினால் அந்த யு ஒரு பூச்சியம் போலத் தெரிந்து 100 ஆகிவிடும். எங்கள் ஆசிரியர் சொன்ன வழி எளிது, இரண்டு விதமாகப் படிக்க முடிகிற எதையும் நீங்களாக ஊகிக்காதீர்கள், பார்மசிஸ்டிடம் காட்டுங்கள், அவர் எழுதியவரைக் கேட்பார்.

பக்கவிளைவு, ஒவ்வாமை என்ற இரண்டையும் தமிழ் விளக்கத்தில் அழகாகப் பிரித்திருக்கிறார்கள். மக்கள் எல்லாவற்றையும் அலர்ஜி என்றுதான் சொல்வார்கள். அமாக்சிசிலின் சாப்பிட்டு வயிற்றுப்போக்கு வந்தது என்றால் அது பக்கவிளைவாக இருக்க வாய்ப்பு அதிகம், உதடு வீங்கி மூச்சுத் திணறியது என்றால் கதையே வேறு. அலர்ஜி என்று சொன்னதோடு விடாமல் 'என்ன ஆனது' என்று கேட்டு, அவர் சொன்ன சொல்லிலேயே எழுதிவைக்க வேண்டும் என்று அட்டையின் அடியில் ஒரு குறிப்பு இருக்கிறது. வேலை தெரிந்த ஒருவர் எழுதியது என்று பார்த்ததும் தெரிகிறது. மொத்தக் கட்டையும் அவரே எழுதியிருக்கலாம்.

தமிழாக்கம் பொதுவாகப் பரவாயில்லை. இண்டிகேஷன் என்பதற்கு 'எதற்காகக் கொடுக்கலாம்' என்றும், கான்ட்ராஇண்டிகேஷனுக்கு 'யாருக்குக் கொடுக்கவே கூடாது' என்றும் பேச்சுத் தமிழில் போட்டிருப்பது எந்தக் கலைச்சொல்லையும் விட எனக்குச் சீக்கிரம் ஏறியது. புரோட்ரக் என்பதற்கும் 'உடம்புக்குள் போய் மருந்தாக மாறுவது' என்று போட்டிருக்கிறார்கள், கோடீனில் ஒரு பகுதி கல்லீரலில் மார்ஃபினாக மாறுவதை உதாரணமாகக் காட்டியிருக்கிறார்கள், தெளிவாக இருக்கிறது. சில இடங்களில் மட்டும் கடினமான சொல்லை நட்டுவிட்டு அதற்கு விளக்கம் தராமல் போய்விட்டார்கள்.

செயலியில் உச்சரிப்பு நிதானமாக, அசை அசையாக ஒலிக்கிறது. நான் எதிர்பார்த்ததை விட இது அதிகம் உதவியது. போனில் மருந்துப் பெயரைச் சொன்னால் காதில் வாங்கத் தெரிய வேண்டுமே. எண்களுக்கும் இப்படி ஒரு பகுதி வைத்திருக்கலாம், ஆங்கிலத்தில் பதினைந்தும் ஐம்பதும் போனில் ஒன்று போலத்தான் கேட்கும், 'ஒன்று ஐந்தா, ஐந்து பூச்சியமா' என்று இலக்கம் இலக்கமாகத் திருப்பிக் கேட்கப் பழக வேண்டும். இணையம் இல்லாவிட்டால் செயலி திறப்பதில்லை, அது ஒரு தொல்லை. அட்டைகளின் தாள் கனமாக இருக்கிறது, மூன்று மாதத்தில் ஓரம் கூட மடங்கவில்லை.

கட்டின் கடைசியில் 12 வெற்று அட்டைகள் வைத்திருக்கிறார்கள், நீங்களே எழுதிக்கொள்ள. முதலில் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. பயிற்சிக்குப் போன இடத்தில் ஒரு நாள், அரிப்புக்கு எழுதியிருந்த ஹைட்ராக்சிசின் 25 எடுத்து வை என்றார்கள், நான் ஹைட்ரலசின் 25 எடுத்து வைத்தேன், அது ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மருந்து. அலமாரியில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில், இரண்டிலும் 10, 25, 50 என்று அதே அளவுகள். பார்மசிஸ்ட் கடைசிச் சரிபார்ப்பில் பிடித்துவிட்டார், மருந்து கவுன்ட்டரைத் தாண்டவில்லை, ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆங்கிலத்தில் இந்த மாதிரிப் பெயர்களில் வேறுபடும் எழுத்துகளை மட்டும் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கண்ணை நிறுத்துவார்கள். தமிழ் எழுத்தில் பெரியது சிறியது கிடையாது, அட்டையின் தமிழ்ப் பக்கத்தில் இரண்டு பெயரும் இன்னும் நெருக்கமாகத் தெரிகின்றன. அதனால் என் முதல் வெற்று அட்டையில் இரண்டையும் மேலும் கீழுமாக எழுதி, 'ரலசின்' என்பதை நீலத்திலும் 'ராக்சிசின்' என்பதைச் சிவப்பிலும் போட்டேன். அப்புறம் குளோனிடின், குளோனசெபம். வின்கிறிஸ்டின், வின்பிளாஸ்டின். ப்ரெட்னிசோன், ப்ரெட்னிசலோன். இப்படி ஒன்பது எழுதிவிட்டேன், இன்னும் மூன்று அட்டைகள் மிச்சம் இருக்கின்றன.